பிஸ்டனில் பாக்கெட் வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய ஹீரோ ஹோண்டா கரிஸ்மா பைக்குக்கு கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றையும் பெட்ரோலையும் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற விகிதம்) ஏற்றித் தருகிறோம், பெரிய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு பிஸ்டனில் வால்வு பாக்கெட் (வால்வு இடிக்காமலிருக்கக் குழி) வெட்டித் தருகிறோம் என்று சொல்லும் பட்டறைக்கு வண்டியை விடப் போகிறவர்கள் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். எனக்கு 22,000 ரூபாயும், ஒரு நல்ல ஹெட்டும் (சிலிண்டரின் மேல் மூடி), மூன்று மாதமும் போய்விட்டது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. வேலையில் நடந்ததை மட்டும் முழுதாகச் சொல்கிறேன்.

கோயம்புத்தூரில் இந்த மாதிரி வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. செட்டிபாளையத்தில் ரேஸ் ட்ராக் இருக்கிறது, தெருவுக்குத் தெரு லேத் இருக்கிறது, கைவேலையில் மன்னர்களும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் கொடுத்தேன். கரிஸ்மா 223 சிசி, போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 65.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 66.2, கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் 9:1. அதை 11:1 ஆக்குவோம், சாதா பெட்ரோலே போதும் என்றார்கள். இதுவோ காற்றில் குளிரும் எஞ்சின், சாதா பெட்ரோலில் 11:1 என்றால் ஏற்றத்தில் தட்டும் சத்தம் வரத்தான் செய்யும். அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வேலை இதுதான்: ஹெட்டின் அடியை ஒரு மில்லிமீட்டர் ஃபேஸிங் செய்வது (சீவிக் குறைப்பது), வால்வை இன்னும் உயரமாகத் தூக்கும் கேம் போடுவது, வால்வு இடிக்காமலிருக்க பிஸ்டன் தலையில் இரண்டு பாக்கெட்டையும் ஆழமாக்குவது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே போதிய இடம் இருக்கிறதா என்பதைக் களிமண்ணை அப்பித்தான் அளப்பார்கள். "களிமண் வைத்து செக் பண்ணிட்டீங்களா அண்ணா?" என்று எஞ்சின் பூட்டுவதற்கு முன் இரண்டு முறை கேட்டேன். "எல்லாம் பார்த்தாச்சு தம்பி, ரெண்டு மில்லிமீட்டர் இருக்கு" என்றார். அளவைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை.

நானூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினேன், நன்றாகத்தான் போனது. அப்புறம் ஒரு ஞாயிறு காலை நீலாம்பூரிலிருந்து மதுக்கரை போகும் பைபாஸில் முதல் முறையாக ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திருகினேன். ஏழாயிரம் ஆர்பிஎம் தாண்டியதும் டக்கென்று ஒரு சத்தம், சக்தி போனது, வண்டி தானாகவே மெதுவானது. ஓரங்கட்டி செல்ஃப் போட்டால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் காத்தாடி மாதிரி சுழல்கிறது. பின்னால் லாரி எதுவும் ஒட்டி வராதது என் நல்ல நேரம்.

கடையில் சொன்ன பதில்: "நீங்க ஓவரா ரேஸ் பண்ணிட்டீங்க." அதோடு சரி. திறந்து பார்க்கவே தனியாகக் காசு கேட்டார்கள். வண்டியை டெம்போவில் ஏற்றி கணபதி பக்கம் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொண்டு போனேன். நாற்பது வருடமாக ஹெட் வேலை மட்டுமே செய்கிறவர். ஹெட்டைத் தூக்கியதும் பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஏனுங்க தம்பி, இதுல மிஷின் பட்ட தடமே இல்லீங்களே, கை கிரைண்டர்ல தோண்டியிருக்காங்க" என்றார்.

அவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பாக்கெட்டின் அடி குழியும் மேடுமாக இருந்தது. வால்வு சாய்ந்திருக்கும் அதே கோணத்தில் மில்லிங்கில் வெட்ட வேண்டியதைக் கண்ணளவில் சுரண்டியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வால்வு) பக்கம் நடுவில் தேவைக்கு மேல் ஆழம், ஓரத்திலோ வால்வின் வட்டத்துக்கு இடமே இல்லை. வால்வு விளிம்பு பாக்கெட் சுவரில் இடித்த பிறைத் தடம் பளிச்சென்று தெரிந்தது. வால்வு வளைந்து, அது ஏறி இறங்கும் குழலான கைடில் கீறல் விட்டிருந்தது. இன்டேக் (பெட்ரோல் நுழையும் வால்வு) பக்கம் இடிக்கவில்லை, ஆனால் பிஸ்டன் தலையின் கனம் அங்கே 2.4 மில்லிமீட்டர்தான் மிச்சம். இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும் என்றார், நம்புகிறேன். வெட்டிய விளிம்புகளை மழுக்கவும் இல்லை. அந்தக் கூர்மையான ஓரங்கள் எரிந்து சிவந்து, பிளக் பொறி விடும் முன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும்.

எக்ஸாஸ்ட் வால்வு மட்டும் ஏன் இடித்தது என்று கேட்டேன். ஹெட்டைக் குறைத்தால் கேம் கீழே இறங்கி கிராங்குக்கு (பிஸ்டனின் கீழே சுற்றும் தண்டு) அருகே வந்துவிடும், இரண்டையும் இணைக்கும் டைமிங் செயினில் வரும் தொய்வை, செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஒரு பக்கமாக வாங்கிக்கொள்ளும், அதனால் கேம் சில டிகிரி பின்தங்கும். பின்தங்கினால் இன்டேக் வால்வுக்கு இடம் கூடும், எக்ஸாஸ்ட்டுக்குக் குறையும், ஏனென்றால் பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போது அது இன்னும் மூடாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கேமில் பூட்டும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) ஓட்டையை நீள்வட்டமாக்கித் திருப்பி இதைச் சரிசெய்வார்களாம். அந்தக் கடையில் அதைத் தொடவே இல்லை.

சரி, கம்ப்ரஷனாவது ஏறியதா? அதுவும் இல்லை, இதுதான் எனக்கு மிகவும் வலித்தது. 223 சிசியில் 9:1 என்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 27.9 சிசி. இந்தப் போரில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் அதிகபட்சம் 3.4 சிசி போகும், மிச்சம் 24.5, அதாவது 10.1:1. பாக்கெட்டே வெட்டாமல் விட்டாலும் 11 வராது, அதற்கு 22.3 சிசிக்கு இறங்க வேண்டும். இதில் பாக்கெட் வெட்ட வெட்ட இடம் திரும்பவும் கூடும். பெரியவர் சிரிஞ்சில் மண்ணெண்ணெய் விட்டு அளந்தார், பாக்கெட்டில் மட்டும் 1.8 சிசி கூடியிருந்தது. கணக்குப் போட்டால் 9.5:1. அரைப் புள்ளி ஏற்றத்துக்கு ஒரு ஹெட்டை அறுத்து, ஒரு பிஸ்டனை மெலிய வைத்து, வால்வை வளைத்திருக்கிறார்கள்.

களிமண் வைத்திருந்தால் இதெல்லாம் பூட்டும் முன்பே தெரிந்திருக்கும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணைப் பாக்கெட்டில் அப்பி, வால்வில் கொஞ்சம் எண்ணெய் தடவி, பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை முறுக்கி, கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்ற வேண்டும். பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது, எக்ஸாஸ்ட் வால்வு உச்சிக்குச் சுமார் பத்து டிகிரி முன்பும் இன்டேக் பத்து டிகிரி பின்பும்தான் பிஸ்டனை மிகவும் நெருங்கும். பிறகு களிமண்ணைப் பிளேடால் அறுத்து கனத்தை வெர்னியரில் அளக்க வேண்டும். இன்டேக்கில் ஒன்றரை, எக்ஸாஸ்ட்டில் இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நான் இனி எஞ்சினைப் பூட்ட விடமாட்டேன். வால்வைச் சுற்றி ஓரத்தில் ஒன்றேகால் மில்லிமீட்டராவது வேண்டும், என் எஞ்சின் செத்தது அந்த ஓர இடைவெளியில்தான். அறுத்த களிமண்ணைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், பாக்கெட் வெட்டிய பிறகு பிஸ்டன் தலைக் கனம் எவ்வளவு, பிஸ்டன் உச்சியில் மேலே மிஞ்சும் இடம் எத்தனை சிசி என்று பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வண்டியை விடாதீர்கள்.

பிஸ்டனையும் பெரியவர் எழுதிக் கொடுத்த அளவையும் எடுத்துக்கொண்டு பழைய கடைக்குத் திரும்பப் போனேன். அரை மணி நேரம் வாக்குவாதம், கடைசியில் 4,000 ரூபாய் கையில் திணித்தார்கள். களிமண் செக் நடந்ததா என்ற கேள்விக்கு மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது வண்டியில் வேறு ஹெட், கம்பெனி பிஸ்டன், கம்பெனி கேம். அந்த வெட்டிய பிஸ்டன் என்னிடம்தான் இருக்கிறது, கோவையில் யாருக்காவது நேரில் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டு வருகிறேன்.