டெஸ்டோஸ்டிரோனுடன் எட்டு ஆண்டுகள்: ஒரு திருநம்பியின் பயன்பாட்டு அனுபவம்

2017 ஆகஸ்டில், கோயம்புத்தூரில், இருபத்தாறாவது வயதில், பிறப்பில் பெண் என்று பதியப்பட்ட எனக்கு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் முதல் ஊசி போடப்பட்டது. அதற்கு முன்பு நான் தேடித் தேடி வாசித்தவை எல்லாம் ஆறு மாத, ஓராண்டு அனுபவக் குறிப்புகளே. குரல் உடைந்த மகிழ்ச்சியோடு அவை முடிந்துவிடும். ஐந்தாம் ஆண்டில் ரத்தம் என்ன ஆகும், தலைமுடி என்ன ஆகும், ஊசி தவறினால் என்ன ஆகும் என்று எழுதியவர் யாரும் கண்ணில் படவில்லை. எட்டு ஆண்டுகள் முடிந்த நிலையில் அவற்றைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். இது என் உடலின் கணக்கு மட்டுமே. மருந்தின் அளவையும் இடைவெளியையும் ஒவ்வொருவருக்கும் அவரவர் ரத்த அறிக்கையைப் பார்த்து எண்டோகிரைனாலஜிஸ்ட் என்ற ஹார்மோன் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தொடங்குவதற்கு முன் மனநல மருத்துவரிடம் சில அமர்வுகள், பிறகு ஹீமோகுளோபின், கல்லீரல், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் நடந்தன. கருமுட்டையை உறைய வைத்துச் சேமிக்க விருப்பமா என்று மருத்துவர் கேட்டபோது, கேள்வி முடிவதற்குள் வேண்டாம் என்றேன். இன்று கேட்டாலும் அதே பதிலைத்தான் சொல்வேன் என்றாலும், அந்தக் கேள்விக்கு ஒரு வாரமாவது கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. வீட்டில் ஒரு சித்தப்பா, "புது மருந்து, உன்னை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள்" என்றார். டெஸ்டோஸ்டிரோன் ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கப்பட்டது 1935-இல். அடுத்த சில ஆண்டுகளிலேயே மைக்கேல் டில்லன் என்ற ஆங்கிலேயத் திருநம்பி அதை மாத்திரையாக உட்கொள்ளத் தொடங்கிவிட்டார். அவர் பிற்காலத்தில் பௌத்தத் துறவியாகி, 1962-இல் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள டல்ஹவுசியில் காலமானார். இதைச் சொன்ன பிறகும் சித்தப்பா சமாதானம் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு முதலில் எழுதிக்கொடுக்கப்பட்டது டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட், 250 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒன்று. எண்ணெயில் கரைத்த மருந்து என்பதால் தசைக்குள் மெதுவாகத்தான் ஏற்ற முடியும். அவசரப்படும் கையில் மாட்டினால் இரண்டு நாள் உட்கார்ந்து எழ வலிக்கும். சஸ்டனான் என்ற இன்னொரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி நிலக்கடலை எண்ணெயில் வருவது. கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மூன்று வார இடைவெளியின் தொல்லை எனக்கு மூன்றாம் மாதத்தில்தான் புரிந்தது. ஊசி போட்ட முதல் வாரம் உடம்பு துள்ளும். மூன்றாம் வாரத்தில் காரணமே இல்லாமல் சோர்வும் எரிச்சலும் வரும். ஆண் ஹார்மோன் போட்டால் கோபம் வரும் என்று எல்லோரும் எச்சரித்தார்கள். எனக்குக் கோபம் வந்த நாட்களை நாட்காட்டியில் குறித்துப் பார்த்தபோது, அவை மருந்து ஏறியிருந்த நாட்கள் அல்ல, இறங்கிக்கொண்டிருந்த நாட்கள்.

மாற்றங்கள் நாம் ஆசைப்படும் வரிசையில் வருவதில்லை. மீசைக்காகக் காத்திருந்த எனக்கு முதலில் வந்தது எண்ணெய் வழியும் முகமும், பிறகு முதுகு முழுக்கப் பருவும். பசி இரட்டிப்பானது, முதல் ஆண்டில் ஏழு கிலோ கூடினேன். நான்காம் மாதத்தில் மாதவிடாய் நின்றது. பெரும்பாலோருக்கு முதல் ஆறு மாதங்களுக்குள் நின்றுவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்காக மட்டுமே இந்த மருந்தைப் போட்டிருந்தாலும் எனக்கு நிறைவாகத்தான் இருந்திருக்கும்.

குரல் ஐந்தாம் மாதத்தில் உடையத் தொடங்கியது. ஒரு மாதம் முழுக்கத் தொண்டைக்கட்டு என்றே நினைத்து வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தேன். பள்ளி நாட்களில் பேரூர்க் கோயிலில் தேவாரம் பாடியவன் நான். குரல்நாண்கள் தடித்தபோது மேல் சுருதி முழுவதும் போய்விட்டது. கீழே கிடைத்த புதிய சுருதியில் நிலைத்துப் பாட ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. பாடுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதைத் தொடங்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும், ஏனெனில் மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. அந்த இடைக்காலத்தில் ஒரு வங்கியின் தொலைபேசி உதவி மையம், கணக்கில் உள்ள பெயரும் குரலும் பொருந்தவில்லை என்று என் அட்டையை முடக்கியது. அதை மீட்க மூன்று முறை கிளைக்கு நடந்தேன்.

தாடி எல்லாவற்றையும்விடச் சோம்பேறி. ஓராண்டில் மோவாயில் எண்ணக்கூடிய முடிகள் இருந்தன. கன்னம் நிரம்ப நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. எவ்வளவு வரும் என்பதை மருந்தின் அளவைவிடப் பரம்பரைதான் தீர்மானிக்கிறது என்பதால், அளவைக் கூட்டச் சொல்லி மருத்துவரை நச்சரிப்பதில் பயனில்லை. அதே பரம்பரை தலையிலும் வேலை செய்யும். என் தாய்மாமன்கள் மூவரும் நாற்பதுக்குள் வழுக்கை விழுந்தவர்கள். எனக்கு மூன்றாம் ஆண்டில் நெற்றி ஏறத் தொடங்கியது. குரலையும் தாடியையும் போல இதுவும் பெரும்பாலும் திரும்பாத மாற்றம். மாறாக, கூடிய தசையும், இடுப்பிலிருந்து வயிற்றுக்கு நகர்ந்த கொழுப்பும், நின்ற மாதவிடாயும் மருந்தை நிறுத்தினால் மெல்லப் பின்வாங்கக்கூடியவை. உயரமோ, இடுப்பெலும்போ, உள்ளங்கையின் அளவோ எனக்கு மாறவில்லை. வளர்ச்சி முடிந்த எலும்பில் மாறவும் மாறாது. மார்பும் கரையாது. கோவை வெயிலில் மார்பை இறுக்கித் தட்டையாக்கும் பைண்டர் என்ற உள்ளாடையை அணிந்து, மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்து, 2021-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகே அந்தப் பாரம் இறங்கியது.

இனி ரத்தம். நீண்ட காலப் பயன்பாட்டில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது இது ஒன்றுதான். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டுகிறது. முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதித்துக்கொண்ட நான், பிறகு அலட்சியமாகி ஒன்றேகால் ஆண்டு இடைவெளி விட்டேன். அதற்குப் பின் எடுத்த அறிக்கையில் ஹீமோகுளோபின் 17.8, ஹிமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, 54 சதவீதம். ரத்தம் அந்த அளவுக்குக் கெட்டியானால் உறைகட்டிக்கும் பக்கவாதத்துக்கும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர் விளக்கி, ஊசியின் அளவைக் குறைத்து இடைவெளியையும் சுருக்கினார்; அந்நாளில் எனக்கிருந்த சிகரெட் பழக்கத்தையும் கண்டிப்பாக விடச் சொன்னார். ரத்த தானம் செய்தால் குறையுமே என்று கேட்டேன். 2017-இல் வெளியான தேசிய ரத்தக் கொடையாளர் விதிமுறைகள் திருநர்களை நிரந்தரமாக விலக்கி வைத்திருப்பதை அவர்தான் நினைவூட்டினார். நான்கு மாதத்தில் ஹிமட்டோகிரிட் 49-க்கு இறங்கியது. நல்ல கொழுப்பான எச்.டி.எல் குறைந்தது மட்டும் இன்றுவரை ஏறவில்லை.

பரிசோதனைக் கூடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சீட்டில் பெண் என்று இருந்தவரை, ஒவ்வொரு அறிக்கையிலும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் ஹீமோகுளோபினுக்கும் அருகே சிவப்பு நட்சத்திரம் விழும். ஒரு முறை கூடத்து ஊழியர் பதறிப்போய் அம்மாவுக்கே போன் செய்துவிட்டார். ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு ஹீமோகுளோபினின் மேல் வரம்பை ஆண்களுக்குரியதாகக் கொள்ள வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கோ, அறிக்கையில் உள்ள இலக்கத்தைவிட ரத்தம் எடுத்த நாள் முக்கியம். ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் மலை உச்சி. அடுத்த ஊசிக்கு முந்தைய நாள் எடுத்தால் பள்ளத்தாக்கு. எந்த ஊசிக்கு எத்தனையாவது நாள் என்பதைச் சீட்டின் மூலையில் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது எங்கள் பகுதி மருந்துக்கடைகளில் ஊசி கிடைக்கவில்லை. கடைசி ஊசியிலிருந்து ஒன்பது வாரங்கள் ஓடிவிட்டன. குரலும் தாடியும் அப்படியே இருந்தன, ஆனால் இரண்டரை ஆண்டுகளாக வராத ரத்தப்போக்கு திரும்பி வந்தது. தொழிற்சாலை மூடியிருந்ததால் வீட்டிலேயே இருந்தேன் என்பதைத் தவிர அந்த வாரத்தைப் பற்றிச் சொல்வதற்கு நல்லது எதுவுமில்லை. அதன்பின் ஓர் ஊசி எப்போதும் கையிருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். ஊசி தவறாமல் போட்டும் நின்ற ரத்தப்போக்கு மறுபடி வந்தால், அதை அலட்சியப்படுத்தாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

2022 முதல் டெஸ்டோஸ்டிரோன் அன்டெக்கனோயேட் என்ற நீண்டகால ஊசிக்கு மாறினேன். 1000 மில்லிகிராம், முதல் இரண்டு ஊசிகளுக்கு இடையே ஆறு வாரம், பிறகு ஏறத்தாழ பன்னிரண்டு வாரத்துக்கு ஒன்று. விலை பல மடங்கு. ஆனால் உச்சியும் பள்ளமும் சமமாகிவிட்டன. மூன்றாம் வார எரிச்சல் என்பது பழங்கதை. ஊசி போட்டதும் எண்ணெய்த்துளிகள் நுரையீரலுக்குச் சென்று கடும் இருமலும் மூச்சுத்திணறலும் வரக்கூடும் என்பதால் அரை மணி நேரம் மருத்துவமனையிலேயே உட்கார வைக்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு முறை தொண்டை கரகரத்து இருமல் வந்து, பத்து நிமிடத்தில் அடங்கியது. செவிலியர் என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

தயக்கத்தால் பலர் கேட்காமல் விடுவதையும் எழுதிவிடுகிறேன். முதல் சில மாதங்களிலேயே பிறப்புறுப்பின் மேல் உள்ள சிறு உறுப்பு பெரிதாகும். தொடக்கத்தில் உள்ளாடை உரசினாலே கூசும். இந்த வளர்ச்சியும் திரும்பாது. ஆண்டுகள் செல்லச் செல்ல உட்புறம் வறண்டு மெலிந்து, எரிச்சலும் சிறுநீர்த் தொற்றும் வரலாம். அங்கே மட்டும் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு எனக்கு உதவியது, அது தாடியைக் குறைக்கவில்லை. மாதவிடாய் நின்றுவிட்டதால் கரு தரிக்காது என்று எண்ணுவது தவறு. கருத்தடை தேவைப்படும் உறவில் இருப்பவர்கள் அதைத் தனியாகப் பயன்படுத்தத்தான் வேண்டும், இந்த மருந்து கருவைப் பாதிக்கும். கருப்பையை நான் அகற்றவில்லை என்பதால் கருப்பைவாய்ப் பரிசோதனையும் தேவை. தாடியோடு மகளிர் பிரிவு வரிசையில் உட்கார்ந்தபோது, "ஆம்பளைங்க வெளிய இருங்க சார்" என்று காவலர் எழுப்பிவிட்டார். நான் எதிர்பார்த்த மாற்றம் முழுமையாக வந்துவிட்டதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை, அன்று அது எனக்குச் சற்றும் உதவவில்லை.

மனத்தைப் பொறுத்தவரை, அழுகை அரிதானது. அழ வேண்டும்போல் இருக்கும், கண்ணீர் வராது. வீட்டில் அம்மா எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் கொங்குப் பேச்சில் வீட்டுப் பிள்ளையை அஃறிணையில் சொல்வது வழக்கம் என்பதால், மகள் என்றும் சொல்லாமல் மகன் என்றும் சொல்லாமல், "கண்ணு வந்துருச்சு, சாப்புட்டுச்சு" என்றே ஐந்து ஆண்டுகளை ஓட்டிவிட்டார். இப்போது அக்கம்பக்கத்தில் "பையன் வந்துட்டான்" என்கிறார். என் முன்னால் இன்னமும் கண்ணுதான்.

இந்த ஆண்டின் இரண்டு அறிக்கைகளிலும் ஹிமட்டோகிரிட் 50-க்குக் கீழே இருக்கிறது. முகத்தில் இனிப் புதிதாக எதுவும் வராது என்று நினைத்திருந்தேன். போன மாதம் முடி வெட்டுபவர் கேட்காமலேயே கத்தரியைக் காதருகே கொண்டுபோனார். தாத்தாவுக்கு இருந்ததைப் போலக் காதுமடலில் முடி வளரத் தொடங்கியிருக்கிறது.