அம்மாவின் 43 காசுகள்: சவுகார்பேட்டை நாணயக் கடையில் ஒரு பகல்

அம்மா தவறிய பிறகு கும்பகோணம் வீட்டை ஒழித்தபோது, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பித்தளைச் செம்பு கிடைத்தது. வாயை மஞ்சள் துணியால் கட்டியிருந்தது. அவிழ்த்தால் உள்ளே 43 பழைய காசுகள். அடியில் பேப்பரில் மடித்த இரண்டு தங்கக் காசுகள். அப்படி ஒரு செம்பு வீட்டில் இருந்தது எனக்கும் தெரியாது, தங்கச்சிக்கும் தெரியாது.

முதலில் பக்கத்து ஊர் நகைக்கடை ஒன்றுக்குத்தான் போனோம். வெள்ளிக் காசுகளை மொத்தமாகத் தராசில் கொட்டினார்கள். 485 கிராம். "பழைய காசெல்லாம் பாதி வெள்ளிதாம்மா" என்று சொல்லிவிட்டு 242 கிராமுக்கு விலை போட்டார்கள். ஒரு காசைக்கூடத் திருப்பி ஆண்டு பார்க்கவில்லை. அது எனக்கு உறுத்தியது. அம்மா இத்தனை வருஷம் ஒளித்துக் காப்பாற்றியதை ஒரே நிமிஷத்தில் முடித்துவிட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் அலுவலகத் தோழி ஒருத்தி சொல்லித்தான் சென்னை சவுகார்பேட்டைக் கடை தெரிந்தது. பெயர்ப் பலகை இல்லாத கடை. தன் பெயரை எழுத வேண்டாம் என்று கடையை நடத்தும் பெரியவரே கேட்டுக்கொண்டார். மேசை நிறைய வெள்ளியும் தங்கமும் வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் அப்படிக் கேட்பது நியாயம்தான். இடம், தங்கசாலைத் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் முதல் மாடி. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் காசு அடித்த சாலை இருந்ததால்தான் தங்கசாலை, மின்ட் தெரு என்று அந்தத் தெருவுக்கே பெயர். பழைய காசை விலை பார்க்க அந்தத் தெருவுக்கே போனது எனக்குப் பிடித்திருந்தது.

நான் எண்ணிப் போனது அரை மணி நேரம். ஆனது மூன்றரை மணி நேரம். மேசையில் ஒரு கறுப்பு வெல்வெட் துணியை விரித்து, காசுகளை ஒவ்வொன்றாக விளிம்பைப் பிடித்து எடுத்து, அரசர் முகம் வாரியாகப் பிரித்து அடுக்கினார். விரல் முகத்தில் படவே இல்லை. நான் ஒன்றைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தேன். "விளிம்புல பிடிங்கம்மா, வேர்வை கறை புடிச்சுக்கும்" என்றார்.

விக்டோரியா மகாராணியின் 1862 ரூபாய் மூன்று. அந்த 1862-ஐ நம்பி ஏமாறக்கூடாது என்று சொன்னார். அதே ஆண்டைப் போட்டே 1874 வரை அடித்தார்களாம். எந்த வருஷத்துக் காசு என்பதைப் பின்பக்கத்துப் பொடிப் புள்ளிகளை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பேரரசி என்று பட்டம் போட்ட விக்டோரியா நான்கு. ஏழாம் எட்வர்ட் ஆறு. ஐந்தாம் ஜார்ஜ் பதினான்கு. ஆறாம் ஜார்ஜ் பன்னிரண்டு. புலி போட்ட 1947 ரூபாய் மூன்று. கடைசி ஒன்று, ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதிய செம்புக் காசு. வெள்ளி இல்லை என்று தெரிந்ததால் அதை மட்டும் நகைக்கடைத் தராசில் நான் போடவில்லை. இதற்குத்தான் பெரிய விலை வரும் என்று தங்கச்சி நம்பியிருந்தாள். பெரியவர் அதைத் தனியாக எடுத்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "கம்பெனி இப்படி ஒரு காசு அடிக்கவே இல்லம்மா. பூஜைல வைங்க." யூடியூபில் இந்த மாதிரிக் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று கூவுபவர்களைப் பற்றியும் சொன்னார். முன்பணம், கமிஷன் என்று கேட்டு ஏமாற்றுவது அதிகமாகி, 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே மக்களை எச்சரித்து அறிக்கை விட்டது. விற்பவரிடம் முன்பணம் கேட்கிற எவரும் காசு வாங்குபவர் இல்லை.

இனி அந்தப் பாதி வெள்ளிக் கணக்கு. பிரிட்டிஷ் இந்தியாவின் ரூபாய் என்பது சரியாக ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களில் 91.7 சதவீதம் வெள்ளி. தேயாத காசு ஒன்றில் 10.69 கிராம் சுத்த வெள்ளி நிற்கும். இரண்டாம் உலகப் போர் வந்து வெள்ளித் தட்டுப்பாடு ஏற்பட்டதும், 1940 முதல் ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளியைப் பாதியாக்கி, மீதிக்குத் தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தார்கள். ஆனால் எடையைக் குறைக்கவில்லை, அதே 11.66 கிராம்தான். அதனால் தராசு மட்டும் வைத்திருப்பவருக்கு முழு வெள்ளியும் பாதி வெள்ளியும் ஒன்றாகத்தான் தெரியும். ஆண்டைப் படிக்க வேண்டும். 1947 புலி ரூபாய் இன்னொரு வகை. அது சுத்த நிக்கல், துளி வெள்ளி கிடையாது. பெரியவர் ஒரு சின்னக் காந்தத்தை நீட்டினார், மூன்று புலியும் டக்கென்று ஒட்டிக்கொண்டன.

என் செம்பில் இருபத்தேழு ரூபாய் முழுத் தரம், பன்னிரண்டு பாதித் தரம். தேய்மானம் போக 350 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. நகைக்கடையில் சொன்னது 242. கிராம் 100 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டாலும் பத்தாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போயிருக்கும்.

இந்தக் கடையை நான் பிறருக்குச் சொல்லக் காரணம் இதற்கு அடுத்து அவர் செய்ததுதான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டார். இடது பக்கம் உலோக விலை, வலது பக்கம் காசு விலை, அதாவது சேகரிப்பவர்கள் தரும் விலை. ஒவ்வொரு காசுக்கும் இரண்டு எண்கள். பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஐந்தாம் ஜார்ஜ் 1918, 1919 எல்லாம் கோடிக்கணக்கில் அடித்த காசு, யாரிடமும் கிடைக்கும். "நூறு வருஷம் ஆனதால விலை ஏறாதும்மா, கிடைக்காததால ஏறும்" என்று அவர் சொன்னதை அந்தத் தாளே காட்டியது.

ஐந்தாம் ஜார்ஜ் வரிசையில் ஒரு காசு வந்ததும் கை நின்றது. லென்ஸை என்னிடம் கொடுத்தார். 1911. அரசரின் அங்கியில் ஒரு சங்கிலி, அதில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை மொட்டையாக இருப்பதால் பார்வைக்குப் பன்றி போலவே இருக்கிறது. அந்தக் காலத்தில் அது பெரிய மனத்தாங்கலாகி, முஸ்லிம்களின் எதிர்ப்புக்குப் பிறகு காசைத் திரும்பப் பெற்றுப் பெரும்பகுதியை உருக்கினார்கள். 1912 முதல் யானையைத் திருத்தி அடித்தார்கள். தப்பித்த 1911 ரூபாய்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் தேடுகிறார்கள். பன்றி ரூபாய் என்றுதான் அதற்குப் பெயர்.

எனக்குக் கை நடுங்கியது. லென்ஸில் இன்னொன்றும் தெரிந்தது. அரசரின் கன்னம், தாடி, பின்னால் உள்ள வெற்றிடம் எங்கும் மயிரிழை மயிரிழையாகக் கீறல். ஊரிலிருந்து கிளம்பும் முன் தங்கச்சி, "அக்கா, கறுப்பா இருந்தா விலை குறைப்பாங்க" என்று பத்துக் காசுகளை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாள். வெள்ளிக் குத்துவிளக்கை நாம் அப்படித்தானே தேய்க்கிறோம். அந்தப் பத்தில் 1911-ம் ஒன்று. பெரியவர் ஒன்றும் கடிந்து பேசவில்லை. தன் பெட்டியிலிருந்து தேய்க்காத இன்னொரு 1911-ஐ எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதன் மேல் நீலமும் சாம்பலும் கலந்த ஒரு மெல்லிய படலம். சாய்த்தால் ஒளி சக்கரம் போலச் சுற்றி வந்தது. எங்களுடையது பளிச்சென்று இருந்தது, ஆனால் செத்த பளிச். தாளில் எழுதினார்: தேய்க்காததற்கு ஒரு விலை, எங்களுடையதற்கு அதில் பாதிக்கும் குறைவு. இரண்டு காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அந்த விலையில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. இதைப் படிப்பவர்கள் கையில் பழைய காசு இருந்தால் தயவுசெய்து விபூதி, புளி, பற்பசை எதையும் போடாதீர்கள். கறுப்பு அப்படியே இருக்கட்டும். மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையிலும் போடாதீர்கள், நாளாக நாளாகப் பச்சைப் பிசின் இறங்கும்.

தங்கக் காசுகள் இரண்டும் இங்கிலாந்துச் சவரன்கள். நாம் பவுன் என்று சொல்வதே இந்தக் காசை வைத்து வந்த கணக்கு. இப்போது பவுன் என்றால் 8 கிராம் என்று முழுதாக வைத்துக்கொண்டோம், காசின் எடை 7.98 கிராம்தான். 22 காரட், சுத்தத் தங்கம் 7.32 கிராம். பெரியவர் உரைகல்லை எடுக்கவே இல்லை, உரசினால் காசில் தழும்பு விழும். காலிப்பரில் குறுக்களவு பார்த்தார், 22 மில்லிமீட்டர் சொச்சம். பிறகு காசை நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டு அடர்த்தி கணக்கிட்டார். இரண்டும் அசல்.

ஒன்றில் காது வைத்துப் பற்றவைத்திருந்தது. பாட்டியின் காசுமாலையிலிருந்து உதிர்ந்ததாக இருக்கும். அதற்குத் தங்க விலை மட்டும்தான், அதிலும் பற்றவைத்த பொடியின் எடையைக் கழித்தார். மற்றது 1918. குதிரை வீரனின் கீழே, ஆண்டுக்கு மேல் உள்ள தரைக்கோட்டில் கடுகைவிடச் சின்னதாக ஓர் ஆங்கில 'ஐ' எழுத்து. இந்தியாவின் 'ஐ'. பிரிட்டிஷ் அரசின் நாணயச் சாலையான ராயல் மின்ட்டின் பம்பாய்க் கிளை 1918-ல் மட்டும் அடித்த சவரன் அது. அபூர்வம் இல்லை என்று அவரே சொல்லி, தங்க விலைக்கு மேல் கொஞ்சம்தான் எழுதினார். நான் அதை விற்கவில்லை. இதே 'ஐ' எழுத்தோடு 2013-ல் எம்எம்டிசி-பாம்ப் நிறுவனம் ராயல் மின்ட் உரிமத்தில் இந்தியாவிலேயே சவரன் அடிக்கத் தொடங்கியது என்பதும் அங்கேதான் தெரிந்தது.

முதலீடு என்று வந்தால் அவர் பேச்சு வேறு மாதிரி. காசு சேர்ப்பதையும் தங்கம் சேர்ப்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்பார். நான் முன்பு ஒரு வங்கியில் 10 கிராம் தங்கக் காசு வாங்கியிருந்தேன். அழகான அட்டைப் பெட்டியில் சான்றிதழோடு கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான், வங்கிகள் விற்ற காசைத் திரும்ப வாங்குவதில்லை என்று தெரிந்தது. வாங்கும்போது 3 சதவீதம் ஜிஎஸ்டி, அதற்கு மேல் தயாரிப்பு, பேக்கிங் என்று கடை வைக்கும் தொகை. விற்கும்போது இவை எதுவும் திரும்ப வராது. தங்கம் அந்த அளவு ஏறிய பிறகுதான் நம் முதலே கைக்கு வரும். வரி விஷயமும் கேட்டுக்கொண்டேன். அம்மாவிடமிருந்து வந்ததற்கு வரி இல்லை, ஆனால் விற்றால் லாபத்துக்கு உண்டு. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5 சதவீதம், அம்மா வைத்திருந்த காலமும் அதில் சேரும்.

நான் வாங்கியதும் ஒன்று உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டுக்காக 2010 என்று ஆண்டு பொறித்து வெளியிட்ட 1000 ரூபாய் காசு. 35 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி, மீதி தாமிரம். காவிரிக்கரைக்காரி நான், அதைப் பார்த்ததும் விட மனமில்லை. பெரியவர் அதற்கும் தாளில் கோடு போட்டார். வெள்ளி 28 கிராம், அதற்கு இவ்வளவு. கேட்கும் விலை அதைப்போல் பல மடங்கு. "நாளைக்கே திருப்பிக் கொண்டாந்தா இந்த விலைக்கு நான் வாங்க மாட்டேன், கால்வாசி குறைச்சுத்தான் எடுப்பேன். தெரிஞ்சு வாங்குங்க." விற்கும் நேரத்தில் இப்படிச் சொல்லும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. தெரிந்தே வாங்கினேன்.

குறையும் இருக்கிறது. தரம் குறிப்பதில் அவர் கை கொஞ்சம் தாராளம். அவர் விற்பனைக்கு வைத்திருந்த எட்வர்ட் ரூபாய் ஒன்றின் அட்டையில் 'எக்ஸ்எஃப்', அதாவது அதிகம் தேயாத மிக நல்ல நிலை என்று எழுதியிருந்தார். காதோரத்து முடி முழுக்க மழுங்கியிருந்தது. அது ஒரு படி கீழான 'விஎஃப்'தான் என்று எனக்கே தெரிந்தது. சொன்னேன், லென்ஸில் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார், ஆனால் அட்டையை மாற்றவில்லை. அடுத்து வருபவரும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் வேறு ஆட்கள் வந்தால் நம் காசு மேசையிலேயே விரிந்து கிடக்கிறது, அது எனக்குப் பயமாக இருந்தது. போகும் முன் ஒவ்வொரு காசையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஆண்டோடு எழுதி வைத்துக்கொண்டு போனது நல்லதாயிற்று.

பன்னிரண்டு பாதி வெள்ளி ரூபாய்களை மட்டும் விற்றேன். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, எடையும் விலையும் எழுதிய ரசீது கொடுத்தார். பணம் அங்கேயே வங்கிக் கணக்கில் ஏறியது. மற்றவை வீட்டில் அட்டைகளில் இருக்கின்றன.

கும்பகோணம் திரும்பியதும் தங்கச்சி கேட்ட முதல் கேள்வி, தேய்த்த காசுக்கு எவ்வளவு என்பதுதான். தாளைக் காட்டினேன். இரண்டு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த 1911-ஐ விற்க வேண்டாம், தனக்கே வேண்டும் என்று வாங்கி, அதே மஞ்சள் துணியில் முடிந்து பீரோவில் வைத்துக்கொண்டாள்.