மயில் வரும் தோட்டத்துக்குப் பறவைத் தடுப்பு வலை: ஒரு மதிப்பீடு

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்களுக்கு மயிலைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் மதிலேறி உள்ளே இறங்கும். தக்காளியைக் கொத்தும், மிளகாய் நாற்றின் குருத்தைக் கிள்ளும், கீரைப் பாத்தியைக் காலால் பறித்துக் குழியாக்கி அதில் படுத்துப் புழுதியில் புரளும். ஆண் மயில் 4 முதல் 6 கிலோ வரை எடையிருக்கும். அது புரண்டெழுந்த இடத்தில் முளைவிட்ட விதை எதுவும் மிஞ்சாது. எங்கள் தோட்டத்துக்கு வாங்கிய தடுப்பு வலையைப் பற்றியும், அதற்கு முன்பு வாங்கிய வேறு இரண்டு பொருள்களைப் பற்றியும், இதே தொல்லையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

அந்த இரண்டையும் முதலில் சொல்லி முடித்துவிடலாம். ஒன்று, மனிதக் காதுக்குக் கேட்காத ஒலியை எழுப்பிப் பறவைகளை விரட்டும் என்று விற்கப்படும் சூரியசக்திக் கருவி. மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பெரும்பாலான பறவைகளின் செவித்திறனோ 10,000 ஹெர்ட்ஸைத் தாண்டினாலே வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே நமக்கே கேட்காத ஒலி மயிலுக்கு மட்டும் கேட்டு அது ஓடும் என்று எதிர்பார்க்க வழியில்லை. கருவிக்குப் பக்கத்திலேயே நின்று மயில் மேய்வதைப் பார்த்தேன். இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மற்றொன்று, ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் வெள்ளியுமாக மின்னும் நாடா. முறுக்கிக் கட்டினால் காற்றில் அதிர்ந்து ரீங்கரிக்கும், வெயிலில் பளிச்சிடும். இதற்குப் பலன் உண்டு, ஆனால் பறவைகள் பழகும் வரைதான். விதைத்தது முளைத்துத் தலைதூக்கும் வரையிலான குறுகிய காலத்துக்கு மட்டும் கட்டி, பிறகு அவிழ்த்து வைத்துக்கொண்டால் அடுத்த விதைப்புக்கும் உதவும். ஆண்டு முழுவதும் தொங்கவிட்டால் வெறும் குப்பை.

இனி வலை. கடைகளில் பறவை வலை என்ற ஒரே பெயரில் மூன்று வகைகளைத் தருகிறார்கள். தூண்டில் நரம்பைப் போன்ற மெல்லிய, நிறமற்ற இழையில் பின்னியது மிக மலிவு. புறா வராமலிருக்க அடுக்குமாடி பால்கனிகளில் கட்டும் 50 மி.மீ. கண் கொண்ட கெட்டியான முறுக்கு நூல் வலை இரண்டாவது. வெள்ளை நிறத்தில் கொசுவலையைவிடச் சற்றே பெரிய கண்ணுடன் செடிக்கு மேல் போர்த்தும் வலை மூன்றாவது. நாங்கள் வாங்கியவை பின்னிரண்டும். மதிலுக்கு மேலும் பந்தலின் பக்கங்களிலும் முறுக்கு நூல் வலை, தக்காளி, மிளகாய் வரிசைகளுக்கு வெள்ளை வலை. இரண்டும் பலன் தந்திருக்கின்றன. வலைக்குள் இருக்கும் செடிகளில் மயில் வாய்வைத்த அடையாளமே இல்லை.

மலிவான நரம்பு வலையை ஏன் வாங்கக் கூடாது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் அதைச் செடிகளின் மேல் தளர்வாக வீசிப் போட்டிருந்தார்கள். தரையில் புரண்ட அதன் விளிம்பில் ஒரு சாரைப்பாம்பு நுழைந்து, முன்னேற முன்னேற இழை செதிலுக்கடியில் இறுகி, உடலின் நடுவே வளையம் போட்டதுபோல் தோலை வெட்டியிருந்தது. பாம்பு பிடிப்பவர் வந்து சிறு கத்தரிக்கோலால் ஒவ்வொரு இழையாக நறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. எலியைத் தின்று தோட்டத்தைக் காக்கும் உயிருக்கு இந்த வேதனை எதற்கு? தவிட்டுக்குருவிகளும் செண்பகமும் இப்படியே சிக்குகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரங்களுக்குப் போர்த்தும் வலையின் கண், இழுத்துப் பிடித்த நிலையிலும் 5 மி.மீ.க்கு மிகக் கூடாது என்ற விதி 2021 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. நம் ஊரில் அப்படிக் கேட்டு வாங்கும் வழக்கமில்லை. சுண்டுவிரலை வலைக்கண்ணில் நுழைத்துப் பாருங்கள்; நுழைந்தால் அதைச் செடிமேல் போர்த்தாதீர்கள். பெரிய கண் வலையை, ஜி.ஐ. கம்பியை (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) நாற்புறமும் விறைப்பாக இழுத்துக் கட்டிய சட்டத்தில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். மேளத்தோல் போல விறைப்பாக இருந்தால் மோதும் பறவை துள்ளி விலகிவிடும். தொய்ந்தால் அதுவே கண்ணியாகிவிடும்.

எங்கள் வலையிலும் குறை உண்டு. விற்றவர் கொடுத்த பிளாஸ்டிக் கட்டுகள் ஒரு கோடையைத் தாங்கவில்லை. வெயிலில் நொறுங்கி, ஆடிக்காற்றில் ஒரு பக்கம் அவிழ்ந்து பறந்தது. அவற்றுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத மெல்லிய கம்பியை முறுக்கிக் கட்டிய பிறகு தொல்லையில்லை. வெள்ளை வலைக்குள் தேனீயும் நுழையாது என்பதையும் கவனிக்க வேண்டும். தக்காளி தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடுவதால் கவலையில்லை. பூசணி அப்படியல்ல, அதன் பூ காலையில் விரிந்து சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். பூசணிக்கொடிக்கு வலை போட்டால் காலையில் விலக்கிவைக்க ஓர் ஆள் வேண்டும். பெரிய கண் வலைக்குள் தேன்சிட்டும் தையல்சிட்டும் தாராளமாக வந்துபோகின்றன. புழு பொறுக்கும் அந்தச் சிறு பறவைகள் வருவது எங்களுக்கு மகிழ்ச்சியே.

செலவைப் பொறுத்தவரை, ஆள் வைத்துக் கட்டினால் முறுக்கு நூல் வலைக்குச் சதுர அடிக்கு 10 முதல் 20 ரூபாய் வரை கேட்கிறார்கள். கம்பிச் சட்டத்துக்குத் தனிக் கணக்கு. இது பெரிய தொகை என்று நினைத்து நஞ்சு கலந்த தானியத்தைத் தூவுவோர் இன்றும் இருக்கிறார்கள் என்பது வெட்கப்பட வேண்டிய செய்தி. மயில் 1963 முதல் நம் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. அதைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடும்.

புல்தரை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் வலையைப் பரிந்துரைக்க மாட்டேன். நடக்கவும் குழந்தைகள் விளையாடவும் வேண்டிய இடத்தில் அதைக் கட்டிவைத்து என்ன செய்வது? மைனாவும் கொண்டலாத்தியும் மயிலும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினால், பெரும்பாலும் அங்கே மண்ணுக்குள் வெள்ளை வேர்ப்புழு இருக்கிறது என்று பொருள். பழுத்துக் கிடக்கும் புல்லைக் கையால் இழுத்துப் பாருங்கள். வேரறுந்து பாய்போல் சுருண்டு வந்தால் பறவையைக் குறை சொல்லிப் பயனில்லை. கோடை மழைக்குப் பின் அந்தி நேரத்தில் வேப்பமரத்தில் மொய்க்கும், இந்தப் புழுவின் தாய் வண்டுகளை உலுக்கிப் பொறுக்கி அழிப்பதும், வேப்பம் புண்ணாக்கும் புழுவைத் தாக்கிக் கொல்லும் மெட்டாரைசியம் என்ற பூஞ்சையும் இட்டு மண்ணை ஈரமாக வைத்திருப்பதும் வலையைவிட மலிவு. பூஞ்சையை வெயில் தாழ்ந்த பிறகு இட வேண்டும்; உச்சிவெயிலில் தூவினால் அதன் வித்துகள் கருகிவிடும்.