லேவுக்கு பைக்கில்: ஸ்ரீநகர் வழியா, மணாலி வழியா?

ஜூன் பிறந்துவிட்டால் லடாக்கின் லே நகருக்குப் போகும் இரண்டு சாலைகளுமே பெரும்பாலும் திறந்திருக்கும். ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 420 கி.மீ. மணாலியிலிருந்து, 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு, ஏறத்தாழ 430. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. டெல்லியிலிருந்து நேர் வடக்கே இருக்கிறதே என்று பலர் மணாலியைப் பிடிக்கிறார்கள். நண்பரோடு முதல் தடவை போகிறவர்களுக்கு என் பதில் வேறு: ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள், மணாலி வழியாக இறங்குங்கள். உயரத்துக்கு உடம்பு பழகாவிட்டால் மலைநோய் வரும். அதனால் ராத்திரி எந்த உயரத்தில் தூங்குகிறீர்கள் என்பதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ஸ்ரீநகர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,585 மீட்டர். மறுநாள் ராத்திரி கார்கில், சுமார் 2,680. அதற்கடுத்த ராத்திரி லே, 3,500. இந்த வழியில் மிக உயரமான இடம் ஃபோட்டு லா கணவாய், 4,108 மீட்டர். அங்கே ஒரு படம் எடுத்துவிட்டு உடனே இறங்கிவிடுவீர்கள். உடம்புக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கிறது.

மணாலிப் பக்கம் கணக்கே வேறு. மணாலி 2,050. முதல் ராத்திரி ஜிஸ்பாவில், சுமார் 3,200. இரண்டாவது ராத்திரிக்கு வழக்கமாக எல்லோரும் கூடாரம் தேடுவது சர்ச்சுவில், கிட்டத்தட்ட 4,300. மூவாயிரம் மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தின் அடிப்படை விதி. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சு அதைப்போல இரண்டு மடங்கு. சர்ச்சுவுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தெற்கே பாரலாச்சா லா, வடக்கே நகீ லாவும் லாச்சுலுங் லாவும், எல்லாமே சர்ச்சுவைவிட உயரமான கணவாய்கள். நடுராத்திரி ஒருவருக்கு முடியாமல் போனால் கீழே இறங்குவதுதான் மருந்து. ஆனால் அங்கிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டுமானாலும் முதலில் இன்னும் மேலே ஏறியாக வேண்டும். கார்கில் அப்படியில்லை. அது மாவட்டத் தலைநகரம், ஆஸ்பத்திரி இருக்கிறது.

இருவர் போகும்போது இது இன்னும் முக்கியம். இரண்டு உடம்பும் ஒரே வேகத்தில் உயரத்துக்குப் பழகாது. தினம் ஜிம்முக்குப் போகிறவர் படுத்துவிடுவார், தொப்பை உள்ளவர் தெம்பாக இருப்பார். முடியாதவர், ‘நம்மால் பயணம் கெடக் கூடாது’ என்று தலைவலியை மறைப்பார். ஆகவே மெதுவாகப் பழகுகிற உடம்புக்கு ஏற்ற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாப்பாடு வேண்டாம் என்கிறாரா, வாந்தி எடுக்கிறாரா என்று ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டே இருங்கள். நேர்கோட்டில் நடக்கத் தடுமாறினால் பேச்சே வேண்டாம், உடனே இறங்கிவிடுங்கள். மலைநோயைத் தடுக்க உதவும் டயாமாக்ஸ் மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வண்டி ஓட்டுகிற சந்தோஷத்தில் மணாலி சாலைதான் ஜெயிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், அதைத் தாண்டி லாச்சுலுங் லா, பாங் என்ற இடத்துக்கு மேலே திடீரென்று கப்பல் தளம்போல விரியும் மோரே சமவெளி, கடைசியில் 5,328 மீட்டரில் டாங்லாங் லா. இதையெல்லாம் தலை வலிக்காமல் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் திரும்பும்போது வாருங்கள் என்கிறேன். லேயில் சில நாள் இருந்து பழகிய உடம்புக்குச் சர்ச்சுவும் தாங்கும்.

ஸ்ரீநகர் சாலையும் சாதாரணமானது அல்ல. சோஜி லா தாண்டியதும் பச்சை நின்று மொட்டைமலை தொடங்குகிறது. திராஸில் கார்கில் போர் நினைவிடம் சாலையோரமே இருக்கிறது, எதிரே டோலோலிங் மலை. 1999இல் பட்டாலிக் முனையில் உயிர்விட்ட மேஜர் சரவணனுக்குத் திருச்சியில் நினைவிடம் உண்டு. அவர் சண்டையிட்ட மலைகள் கார்கிலிலிருந்து சில மணி நேரத் தொலைவில்தான் இருக்கின்றன. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் திராஸில் ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும்.

தண்ணீர் விஷயம். மணாலி வழியில் சாலையைக் குறுக்கே வெட்டி ஓடும் ஓடைகளை அங்கே ‘நாலா’ என்பார்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகும், பிற்பகலில் நாலா பெருகும். காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். விடியற்காலை கிளம்புவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது. சோஜி லாவில் சேறும் லாரி வரிசையும்தான் தொல்லை. அமர்நாத் யாத்திரை நடக்கும் நாட்களில் சோனாமார்க் பக்கம் போக்குவரத்துக் கட்டுப்பாடும் சேரும். ஜூலை, ஆகஸ்ட் மழையில் குலு பள்ளத்தாக்கு ஆபத்தானது. 2023 ஜூலை வெள்ளம் அங்கே சாலைகளையே அடித்துக்கொண்டு போனது. ஜூன் கடைசிக்குள்ளோ செப்டம்பரிலோ போவது நல்லது.

பெட்ரோலுக்கு ஸ்ரீநகர் வழியில் கவலையில்லை. மணாலி வழியில், அடுத்த பங்க் 365 கி.மீ. என்று டாண்டி பங்கில் இருந்த பலகை பிரபலம். திரும்பும்போது லேயிலோ பக்கத்திலுள்ள காரு என்ற ஊரிலோ டேங்கை நிரப்பி, ஐந்து லிட்டர் கேனும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜம்மு காஷ்மீர், லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, இருவரில் ஒருவராவது போஸ்ட்பெய்ட் வைத்திருங்கள்.

அப்புறம், ஒரே வண்டியா இரண்டு வண்டியா? ஐயாயிரம் மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்று மேலே. 24 குதிரைத்திறன் உள்ள 411 சிசி ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன்கூட அங்கே பாதி வண்டிதான். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் அளவைச் சரிசெய்யுமே தவிர, இல்லாத ஆக்ஸிஜனைக் கொண்டுவராது. இரண்டு பேர், இரண்டு பேரின் மூட்டை எல்லாம் ஒரே வண்டியில் என்றால் ஏற்றத்தில் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு போகும். இரண்டு வண்டி, அதுவும் ஒரே மாடலாக இருந்தால் கிளட்ச் கேபிள், டியூப், லீவர் எல்லாம் ஒரு செட் போதும்.

சொந்த வண்டியா வாடகையா என்றால் இந்தப் பயணத்துக்குச் சொந்த வண்டிதான். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்ததை லே வரை ஓட்டலாம். ஆனால் பாங்காங், கர்துங் லா பக்கம் லேயில் எடுத்த வாடகை வண்டியைத்தான் விடுவார்கள். பெரும்பாலும் எடுத்த ஊரிலேயே திருப்பித் தர வேண்டும் என்பதால் நான் சொல்லும் சுற்றும் நடக்காது. ரயில் பார்சலில் ஜம்முவுக்கு அனுப்பி, திரும்பும்போது டெல்லியிலிருந்து ஏற்றிவிடலாம்.

சரி, சோஜி லா மண்சரிவில் அடைபட்டுவிட்டது, மணாலியிலிருந்துதான் ஏற வேண்டும் என்ற நிலை வந்தால்? ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்குங்கள். மூன்றாம் நாள் வெளிச்சம் வந்ததும் கிளம்பி, சர்ச்சுவில் டீயோடு நிறுத்திக்கொண்டு, இருட்டுவதற்குள் உப்ஷிக்கு இறங்கப் பாருங்கள். சிந்து நதிக்கரையில் 3,400 மீட்டரில் இருக்கும் ஊர். லே அங்கிருந்து 50 கி.மீ.கூட இல்லை, அதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.