நாலு வருஷமாக என் தீயணைப்புப் பம்பும் ஒரு வாசரும்

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில் போடப்போகும் மச்சான் போன வாரம் கேட்டார்: "ஏனுங்க, அந்தத் தீயணைக்கிற பம்பு எப்படிங்க இருக்குது? நானும் ஒண்ணு எடுக்கலாமுங்களா?" போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு 275 லிட்டர் தள்ளும் பெட்ரோல் பம்பு. இன்ஜினைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். சும்மாவே கிடந்தாலும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஏறிவிட்டால், களத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் கிடக்கும் நாரை நனைக்கலாம்.

ஆனால் தண்ணீர் ஏற வேண்டுமே! சக்‌ஷன் ஹோஸ், அதாவது தண்ணீர் பம்புக்கு ஏறிவரும் குழாய், இரண்டு துண்டு. சேர்க்கும் கப்ளிங்குக்குள் ஒரு ரப்பர் வாசர். வெயிலில் காய்ந்துபோன அதை விரலால் மடக்கிப் பார்த்தால் மயிரிழை போல வெடிப்பு தெரியும். அது போதும். ஹோஸுக்குள் காற்று எவ்வளவு குறைந்தது என்று காட்டும் கேஜ் முள் கொஞ்சம் நகரும், நடுங்கும், பூஜ்யத்துக்கே திரும்பிவிடும். காற்று உள்ளே போகிற ஓட்டை என்பதால் வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாது. போன சித்திரையில் நார்த்தூள் குவியல் புகைந்தபோது, 101-க்குப் போன் போட்டுவிட்டுக் குடத்தில் மொண்டு ஊற்றினோம். பம்பு பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்றது. அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

அப்புறம் ஓட்டையைக் கண்டுபிடிக்க ஹோஸைத் தென்னை மரத்தில் தூக்கிக் கட்டி, அதன் அடிநுனியில் தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத ஃபுட் வால்வைக் கீழே விட்டு, மேலிருந்து தண்ணீர் நிரப்பினேன். கப்ளிங்கில் முத்து முத்தாகச் சொட்டியது. வாசரை மாற்றினேன், அரை நிமிடத்தில் தண்ணீர் ஏறியது.

இன்னொன்று. விற்றவர் கிணற்றிலிருந்தே இழுக்கும் என்றார். எந்தப் பம்பும் தண்ணீரை இழுப்பதில்லை. ஹோஸுக்குள் இருக்கும் காற்றை எடுத்துவிட்டால், வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடிதான். ஐப்பசி மழையில் கிணறு நிறைந்திருந்தால் சரி. சித்திரையில் எங்கள் கிணற்றில் தண்ணீர் 50 அடிக்குக் கீழே. நார் பற்றிக்கொள்வதும் அப்போதுதான்!

அதனால் களத்தோரம் 20,000 லிட்டர் தொட்டி கட்டினேன். முழு வேகத்தில் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். அதிலும் ஃபுட் வால்வு தண்ணீருக்குள் நன்றாக முங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுழி விழுந்து காற்றைக் குடிக்கும். ஹோஸ் நடுவில் கூன் போட்டு மேலெழும்பினால் அங்கேயும் காற்று தங்கும்.

ஆக, வாங்கலாமா? இன்ஜின் அருமை, தண்ணீர் வீச்சு அருமை. இருந்தாலும் வேண்டாம் மச்சான். முதலில் தொட்டியைக் கொஞ்சம் உயரமாகக் கட்டுங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே டீசல் பம்பை நிரந்தரமாகப் பொருத்திவிடுங்கள். தண்ணீர் தானாகவே பம்புக்குள் வந்து நிற்கும், காற்றை எடுத்துத் தண்ணீர் ஏற்றும் ப்ரைமிங் தொல்லையே இல்லை. இல்லை, இதைத்தான் வாங்குவேன் என்றால் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். ஆபீஸ் அலமாரியில் வெயில் படாமல் நாலு வாசர் வைத்திருக்கிறேன், இரண்டு தருகிறேன்.