எலக்ட்ரிக் சைக்கிளை சர்வீஸுக்கு விடுகிறீர்களா? ‘வாட்டர் வாஷ் வேண்டாம்’ என்று எழுதி வாங்குங்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கம் எலக்ட்ரிக் மவுண்டன் சைக்கிள் வைத்திருக்கிற எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். சைக்கிளை விற்ற கடையே இலவச சர்வீஸ் என்று வாங்கி, பிரஷர் கன் வைத்துக் கழுவி, மோட்டாருக்குள் தண்ணீரை ஏற்றிவிட்டு, கடைசியில் ‘தண்ணி பூந்திருக்கு, வாரண்டி கிடையாது’ என்று நம் தலையில் கட்டுகிறது. எனக்கு இதுதான் நடந்தது. கடை பெயரை எழுதப் போவதில்லை. ஸ்கூட்டர், பைக் சர்வீஸ் பார்த்துப் பழகிய எந்த இடத்திலும் இது நடக்கலாம் என்பதால் பெயரை விட நடந்த விதம்தான் உங்களுக்கு உதவும்.

வாங்கும்போதே நான் கேட்ட முதல் கேள்வி மழை பற்றித்தான். ஓட்டேரி வழியாகப் பாலமதி மலை ஏறுவதும், அமிர்தி காட்டுப் பக்கம் போய் வருவதும்தான் என் பழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போனால் சேறும் தண்ணீரும் இல்லாமல் திரும்ப முடியாது. விற்பனைப் பையன் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னான்: “ஃபுல் வாட்டர்ப்ரூஃப் சார். மழையில ஓட்டுங்க, தண்ணி ஊத்திக் கழுவுங்க, ஒண்ணும் ஆவாது.” பக்கத்தில் நின்றிருந்த மேனேஜரும் தலையாட்டினார்.

மழையில் ஓட்டினேன். உண்மையில் ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தொப்பலாக நனைந்து வீடு வந்த நாட்களிலும் மோட்டார் ஒழுங்காக இழுத்தது, டிஸ்ப்ளே தெளிவாக இருந்தது. வீட்டில் பக்கெட் தண்ணீரும் பழைய பனியனும்தான் வைத்துத் துடைப்பேன். மழைக்காலம் முடிந்ததும் இலவச சர்வீஸுக்கு விடச் சொல்லிக் கடையிலிருந்தே போன் வந்தது. விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனபோது சைக்கிள் பளபளவென்று இருந்தது. ஆனால் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சாக்கெட்டில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கிறது. சைக்கிளைச் சாய்த்தால் பெடல் அச்சு ஓரமாகச் சொட்டுகிறது. “இன்னாப்பா இது?” என்று கேட்டேன். “வாட்டர் வாஷ் பண்ணது சார், வெயில்ல வெச்சா காஞ்சிடும்” என்றார் மெக்கானிக். கடையில் கழுவும் இடம் கிடையாது. பக்கத்தில் லாரி, கார் கழுவும் வாட்டர் சர்வீஸுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கழுவியிருக்கிறார்கள்.

அடுத்த முறை பாலமதி ஏறும்போது பாதி வளைவில் மோட்டார் விட்டு விட்டு இழுத்தது. அப்புறம் டிஸ்ப்ளேயில் ஏதோ ஒரு எரர் எண் வந்தது, அதோடு மோட்டார் உதவி நின்றுபோனது. இருபது கிலோவுக்கு மேல் கனமுள்ள சைக்கிளை மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தேன்.

கடையில் மோட்டார் மூடியைத் திறந்தபோது நானும் கூடவே நின்றேன். பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய கனெக்டர் பின்கள் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு ஏறிக் கிடந்தன. அவற்றைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிவு, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறது. மேனேஜர் வந்து பார்த்தார், பார்த்த உடனே தீர்ப்பு: “மழையில ஓட்டியிருக்கீங்க சார், ஆத்துல எறக்கியிருக்கீங்க. வாட்டர் டேமேஜ் வாரண்டில வராது.” புது மோட்டாருக்கும் ஒயரிங்குக்கும் சேர்த்து 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார். பெட்டியோடு வந்த கையேட்டை எடுத்து, உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவக் கூடாது என்ற வரியை விரல் வைத்துக் காட்டினார். அதே வரியை நான் அவரிடம் திருப்பிக் காட்டினேன். சர்வீஸுக்கு விட்டபோது, செய்யப் போகும் வேலைகளை எழுதி அவர்கள் கொடுத்த ஜாப் கார்டில் அவர்கள் கையெழுத்திலேயே ‘ஜெனரல் செக்கப், செயின் ஆயில், வாட்டர் வாஷ்’ என்று எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு பேச்சு மாறியது. “லேபர் சார்ஜ் மட்டும் விட்டுக் கொடுக்கிறோம்” என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழையில் கெடாத சைக்கிள் கன்னில் ஏன் கெடுகிறது?

இந்த மாதிரி சாதனங்கள் தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி என்று ஓர் அளவுகோல் உண்டு. ஐபி 54 என்று போட்டிருந்தால் முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. தண்ணீருக்கு 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும் என்று மட்டும்தான் பொருள். மழையும் சக்கரம் வாரியடிக்கும் சேறும் இந்தக் கணக்கில் வந்துவிடும். 5 என்றால் சிறு குழாயிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் வரை. அந்தச் சோதனையில் தண்ணீரை எவ்வளவு வேகத்தில் அடிக்கிறார்கள் தெரியுமா? சுமார் 30 கிலோபாஸ்கல் அழுத்தத்தில், அதாவது 5 பி.எஸ்.ஐ. கூட இல்லை. அதற்கு மேலான 6-ஆம் எண்ணுக்கு 100 கிலோபாஸ்கல், கிட்டத்தட்ட 15 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடையில் கார் டயருக்கு 30-க்கு மேல் காற்றடிக்கிறோம். வீட்டு உபயோகத்துக்கு விற்கிற சின்ன பிரஷர் வாஷரே 1,400 பி.எஸ்.ஐ. சுற்றி அடிக்கும். லாரியின் அடிச் சேற்றைப் பெயர்க்கிற கன்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதை ஒரு ரப்பர் சீல் ஓரத்தில் மிக அருகே பிடித்தால், இந்த எண்களுக்குச் செய்த சீல் தாங்கும் என்று நம்ப முடியாது.

ஐபிஎக்ஸ் 7 என்று போட்டிருந்தாலும் (எக்ஸ் என்றால் தூசிக்கான எண் சொல்லப்படவில்லை என்று பொருள்) ஏமாற வேண்டாம். அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் சும்மா கிடப்பதற்கான சோதனை. பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்று அதற்குப் பொருள் கிடையாது. ஆகவே யாராவது ‘வாட்டர்ப்ரூஃப்’ என்றால், எந்த எண் என்று கேளுங்கள். மோட்டாருக்கு ஒரு எண், பேட்டரிக்கு ஒரு எண், டிஸ்ப்ளேக்கு வேறு எண் இருக்கலாம். எது குறைவோ அதுதான் உங்கள் சைக்கிளின் எண். பதில் வராவிட்டால் அந்தக் கடையில் யாருக்கும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம்ம ஊருக்கென்று ஒரு கஷ்டமும் இருக்கிறது. இங்கே பல வாட்டர் சர்வீஸ்களில் ஓடுவது போர் தண்ணீர். பாலாற்றுப் படுகையில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பே வந்தது. அந்த அளவு மோசமில்லாத இடத்திலும் நம் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். மழைத் தண்ணீர் காய்ந்தால் அதிகம் ஒன்றும் விட்டுப் போகாது. உப்புத் தண்ணீர் காய்ந்தால் பின்களில் வெள்ளைப் படிவை விட்டுப் போகும், ஈரக் காற்று பட்டதும் அது மறுபடி நசநசத்து செம்பை அரிக்கும். நான் பார்த்த களிம்பு அப்படி வந்ததுதான்.

கெட்டது மோட்டார் மட்டும் இல்லை. காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஒரு சைக்கிள் மெக்கானிக் அண்ணன் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பைக் கழற்றிக் காட்டினார். கெட்டியாக இருக்க வேண்டிய கிரீஸ் தண்ணீர் கலந்து நீர்மோர் மாதிரி வழிந்தது. “கன்னு வெச்சி அட்சிருக்காங்க தம்பி. கிரீஸெல்லாம் வெளிய தள்ளிட்டு தண்ணி உள்ள பூந்துடும். ஹேண்டில் பேரிங்கும் பாத்துடு, ஃபோர்க் சீலும் பாத்துடு” என்றார். பார்த்தோம், இரண்டிலும் ஈரம். மவுண்டன் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாயின் வாயில் இருக்கும் ரப்பர் உதடு சேற்றை வழித்துத் தள்ளுவதற்காக வைத்தது. நேராக அடிக்கிற தண்ணீரைத் தடுக்க அல்ல.

வீட்டிலேயே கழுவுவது பெரிய வேலை இல்லை. முதலில் சுவிட்சை அணையுங்கள். பேட்டரியைக் கழற்றுவதா, மாட்டியே வைப்பதா என்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்; உங்கள் கையேடு சொல்கிறபடி செய்யுங்கள். கழற்றினால் சாக்கெட்டை மூடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது. சார்ஜிங் மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். டிஸ்ப்ளேயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவிடலாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவாதீர்கள், சாதாரணமாக மேலிருந்து வழிந்து போகிற தண்ணீர் தலைகீழாக்கினால் உள்ளே தேங்கும். ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, ஸ்பாஞ்ச், மெல்லிய பிரஷ் போதும். சேறு காய்ந்திருந்தால் கொஞ்ச நேரம் ஊற விடுங்கள். ஹோஸ் பைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் தூரத்திலிருந்து, மழை மாதிரி விழும்படி. மோட்டார், ஹப், ஹேண்டில் பேரிங் பக்கம் நேராக வேண்டாம்.

இன்னொன்று. மலை ஏறி இறங்கிய உடனே, மோட்டார் சூடாக இருக்கும்போது குளிர்ந்த தண்ணீர் ஊற்றாதீர்கள். சூட்டில் விரிந்திருக்கும் உள்காற்று சட்டென்று சுருங்கும், அப்போது சீல் ஓரத்தில் நிற்கிற தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் வெயிலில் இது சாதாரணமாக நடக்கிற விஷயம். நிழலில் ஆற விட்டுக் கழுவுங்கள்.

கழுவியபின் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, பின்களும் சாக்கெட்டும் முழுக்கக் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள், சார்ஜ் போடுங்கள். கையேடு அனுமதித்தால் கனெக்டர்களில் மெலிதாக சிலிக்கான் கிரீஸ் பூசலாம். செயினுக்கு ஆயில் விடும்போது டிஸ்க் பிரேக் பக்கம் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பிரேக் பிடிக்காது.

ஓட்டும்போது மழையை விட, ஓடையும் தரைப்பாலமும்தான் கவனிக்க வேண்டியவை. பெடல் நடுவில் மோட்டார் உள்ள சைக்கிளில் மோட்டார் தரையிலிருந்து ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில்தான் இருக்கிறது. தண்ணீர் அந்த உயரத்தை நெருங்கினால் இறங்கித் தூக்கிக்கொண்டு கடந்து போங்கள், முடியாவிட்டால் திரும்பி வாருங்கள். காருக்குப் பின்னால் மாட்டி சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் மழையில் போகிறவர்கள் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைத்து, சாக்கெட்டை மூடிக் கட்டுங்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும் மழை, சும்மா பெய்கிற மழை இல்லை.

பேட்டரிக்குள்ளேயே தண்ணீர் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் தயவுசெய்து சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி உள்ளே ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும், உடனே பிடிக்காமல் சில நாள் கழித்தும் பிடிக்கலாம். அரிசியில் புதைப்பது, ஹேர் டிரையர் காட்டுவது எல்லாம் வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். உப்பியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, ஒரு மாதிரி வாசனை வந்தாலோ கிட்டேயே போகாதீர்கள்.

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் ‘பிரஷர் வாஷ் செய்யக் கூடாது’ என்று அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். எழுத மாட்டோம் என்றால் விடாதீர்கள். விடுவதற்கு முன் சாக்கெட், பின், டிஸ்ப்ளே எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள், ஓடுகிற மாதிரி ஒரு சின்ன வீடியோவும் இருக்கட்டும். எடுக்கும்போது அங்கேயே பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள், ஈரம் இருந்தால் அந்த இடத்திலேயே போட்டோ எடுத்து அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எனக்கு இன்று கையில் பிடிமானமாக இருப்பது அந்த ஜாப் கார்டும், அன்று சாயங்காலம் எடுத்த ஈர சாக்கெட் போட்டோவும்தான்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆன்லைனிலேயே போடலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

நான் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடியவில்லை. சைக்கிள் கடையிலேயே நிற்கிறது. நீங்கள் யாராவது இன்றைக்கு உங்கள் சைக்கிளை எங்காவது சர்வீஸுக்கு விட்டிருந்தால், இதைப் படித்த கையோடு போன் போட்டு, கழுவ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் கடையில் வாட்டர் வாஷ் செய்த பிறகு இதே கோளாறு வந்திருந்தால் ஜாப் கார்டைத் தூக்கிப் போடாமல் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.