4,800 ரூபாய்க்கு ஆயிரம் விசிட்டிங் கார்டு: நான் ஏமாந்த கதை

ஆத்திரத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழையால்தான் என் 4,800 ரூபாய் போயிருக்கிறது. கார்டு அடிக்கக் கொடுக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சீர்வரிசைத் தட்டு அலங்காரமும் கொலு அலங்காரமும் என் தொழில். நிச்சயதார்த்த மேடையில் என் தட்டுகள் இரண்டு மணி நேரம் இருக்கும். "யார் செய்தது?" என்று கேட்பவர் வீட்டுக்குக் கொண்டுபோவது என் கார்டைத்தான். கார்டே கோணலாக இருந்தால், இவள் தட்டு என்ன லட்சணத்தில் இருக்கும் என்று நினைக்க மாட்டார்களா? அதனால்தான் விலை பார்க்காமல் திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்துக்குப் போனேன்.

அங்கிருந்தவர் மாதிரிக் கார்டு ஒன்றைக் கையில் வைத்தார். 350 ஜி.எஸ்.எம். அட்டை (ஒரு சதுர மீட்டர் 350 கிராம் எடை; நல்ல கனம்), மேட் லேமினேஷன் (பளபளப்பில்லாத பிளாஸ்டிக் மேலுறை). தடவிப் பார்த்தால் பட்டுப்போல இருந்தது. "அக்கா, இதே மாதிரி வரும். வராவிட்டால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்." அந்த 'அக்கா'வில் விழுந்துவிட்டேன். 4,800 ரூபாயையும் நின்ற இடத்திலேயே கைபேசியில் அனுப்பினேன். பில்கூடக் கேட்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் எல்லாம் சரியாக இருந்ததால் 'ஓகே' போட்டேன்.

நேற்று பெட்டி வந்தது. 'கொலு' என்ற சொல்லில், 'க'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரம் கார்டிலும்! ஓரம் வெட்டியதில் க்யூஆர் கோடின் மூலைச் சதுரம் பாதி போய்விட்டது; வீட்டிலுள்ள மூன்று கைபேசிகளில் ஒன்றுகூடப் படிக்கவில்லை. அட்டையோ ஃபேன் போட்டால் மேசையிலிருந்து பறக்கிறது.

போன் செய்தேன். "அச்சடித்தது சிவகாசியில், மேடம்." அக்கா மேடம் ஆகிவிட்டேன். மறுபடி அழைத்தால், "டிசைன் செய்த பையன் ஊருக்குப் போயிருக்கிறான்." நேரில் போனேன். "ஓகே சொன்னது நீங்கள்தானே? போன் நம்பர் சரியாகத்தானே இருக்கிறது? அதுதானே முக்கியம்?" கொம்பைக் காட்டினேன். "இதையெல்லாம் யாரம்மா உற்றுப் பார்க்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு அடுத்தவருக்கு அதே மாதிரிக் கார்டை எடுத்து நீட்டினார். அந்தப் பெண்ணையும் 'அக்கா' என்று அவர் கூப்பிட்டது என் காதில் விழுந்தது.

முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். அட்டையின் ஜி.எஸ்.எம்.மைப் பில்லில் எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் படத்தை நம்பாமல் ஒரே ஒரு கார்டை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துகளை 'கர்வ்' ஆக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றித்தான் அச்சுக்கு அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் வேறு கணினியில் திறக்கும்போது கொம்பு இடம் மாறிவிடலாம். க்யூஆர் கோடு ஓரத்தில் வேண்டாம். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று காலை அழைத்துவிட்டேன்.

இன்னும் சொல்ல இருக்கிறது, நேரமில்லை. நாளை ஒரு நிச்சயதார்த்தம். வெள்ளை அட்டையை வெட்டி நூறு கார்டாவது கையால் எழுத வேண்டும்.